நாலு படம் கீழே

தனப்பிரியாவுக்குப் பொறாமை என்பது அதுவரை மற்றவர்களுக்கு வரும் வியாதியாகத்தான் தெரிந்தது. முப்பத்தெட்டு வயது வரை அவளுக்கு அதற்கான தேவை வரவில்லை.

நாமக்கல்லில் மோகனூர் சாலையில் இருக்கும் கோழிநோய்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் அவளுக்கு இது பதினோராவது வருடம். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கோழி சுணங்கினால், எச்சமோ குடலோ ஒரு சொட்டு ரத்தமோ முதலில் அங்கேதான் வரும். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்ததும் தனப்பிரியாவின் இடது கை திருகைத் தொடும். ஒரு சுற்று, அரைச் சுற்று, அவ்வளவுதான். மற்றவர்கள் மேலும் கீழுமாகத் தேடித் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் மூன்று ஸ்லைடு பார்த்து முடித்திருப்பாள். கூடத்தின் பொறுப்பாளர் கால்நடை மருத்துவர் கைலாசம், யார் எந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோனாலும் கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேட்பார்: "தனத்துகிட்ட ஒரு தடவ காட்டிட்டீங்களா?"

அக்சிலியாவிடமும் அதைத்தான் கேட்பார். அக்சிலியா சேலத்துக்காரி. அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி லேபில் இருந்துவிட்டு நாலு வருடம் முன்பு இங்கே வந்தாள். தினம் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். தனப்பிரியா பரமத்தி வேலூரிலிருந்து வருவாள். மத்தியானம் இருவரும் ஒரே மேசையில் டப்பாவைத் திறப்பார்கள். அக்சிலியாவின் மீன் குழம்பு இவளுக்குப் பிடிக்கும். இவள் கொண்டுவரும் வாழைப்பூ வடை அவளுக்கு. அக்கா, அக்கா என்று பின்னாலேயே சுற்றுவாள். தனப்பிரியாவுக்கு அவளைப் பிடித்திருந்தது. தன்னைவிட ஒரு படி கீழே இருப்பவரைப் பிடிப்பதில் சிரமம் ஒன்றும் இல்லையே.

ஆடி மாதக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து அன்பழகன் என்ற இன்ஜினியர் ஒரு புதிய மைக்ராஸ்கோப்போடு வந்தான். அதில் கண் வைத்துப் பார்க்கும் குழாய் இல்லை, கேமரா இருந்தது. திருகு இருந்த இடத்தில் சின்ன மோட்டார். இருநூறு ஸ்லைடுகளைத் தட்டில் அடுக்கிவிட்டால் ஒவ்வொன்றாகத் தானே எடுத்துப் பார்க்கும் என்றான். எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள்.

"ஆனா இதுக்கு ஒரு கொறை இருக்குதுங்க," என்றான் அன்பழகன். "ஸ்லைடு எப்பவும் ஒரே சமமா இருக்காது. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்தினா, தலைமயிர்ல பத்துல ஒரு பங்கு ஒசரம் மாறினாக்கூடப் படம் மங்கிரும். நீங்க கண்ணால பாத்துக்கிட்டே கையால சரி பண்ணிருவீங்க. மெஷின் அப்படி இல்ல. ஒவ்வொரு இடத்துலயும் மேல போயி கீழ போயித் தேடும். ஒரு ஸ்லைடுக்கே அரை நாள் ஆயிரும். அதனால, மங்கலான ஒரே ஒரு படத்தப் பாத்ததுமே 'இன்னும் இவ்வளவு மேல போ'ன்னு அதுவே சொல்றதுக்குப் பழக்கணும்."

"பழக்கறதுன்னா எப்படிங்க?" என்று கேட்டாள் தனப்பிரியா.

"ஒவ்வொரு இடத்துலயும் அடியிலிருந்து மேல வரைக்கும் முப்பத்தொரு படம் எடுக்கும். அதுல எது தெளிவான படம்னு கண்ணு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் குறிச்சுக் குடுக்கணும். அப்படி ஆயிரக்கணக்குல குறிச்சுக் குடுத்தா, அதப் பாத்துப் பாத்து அதுவே புடிச்சுக்குமுங்க."

கண்ணு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர். தனப்பிரியா சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு அரை அடி முன்னால் வந்து நின்றாள்.

"அக்சிலியா, நீ இவரோட உக்காந்துக்கோம்மா," என்றார் கைலாசம். "தனம் இங்கிருந்து எந்திரிச்சா அன்னாடப் பொழப்பு நின்னு போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தனப்பிரியாவும் சிரித்தாள். அவர் சொன்னது பாராட்டு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முன்னால் வைத்த அரை அடியை யாரும் பார்க்காதபடி பின்னால் எடுத்தது அவளுக்கு மட்டும்தானே தெரியும்!

மறுநாளிலிருந்து அக்சிலியா மெஷின் வைத்திருந்த ஏசி அறைக்குப் போய்விட்டாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவளும் அன்பழகனும் திரையைப் பார்த்துப் பேசுவதும் சிரிப்பதும் தெரியும், சத்தம் வராது. அந்தச் சத்தமில்லாத சிரிப்பு தனப்பிரியாவை என்னவோ செய்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்சிலியா தாமதமாக வந்தாள். வந்தாலும் பேச்செல்லாம் அந்த மெஷினைப் பற்றித்தான். "நேத்து வரைக்கும் தப்புத் தப்பா எறங்குச்சுக்கா. இன்னிக்கு பத்துக்கு ஏழு சரியா நிக்குது. கொழந்த நடக்கப் பழகற மாதிரியே இருக்கு." தனப்பிரியா குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "அப்படியா?" என்றாள். அன்று மீன் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சில சமயம் அக்சிலியா சந்தேகம் கேட்டு ஓடி வருவாள். எச்சத்தை உப்புக்கரைசலில் கலக்கி வைத்தால், ரத்தக்கழிச்சல் நோயை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் மேலே மிதந்து வந்து கவர்ஸ்லிப் கண்ணாடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். குப்பையெல்லாம் அதற்குக் கீழே தங்கும். அந்த மிதவை ஸ்லைடில் மேல் அடுக்குக்கு ஒரு தெளிவு, கீழ் அடுக்குக்கு ஒரு தெளிவு என்று இரண்டு இருக்கும். "எந்தத் தெளிவக்கா எடுத்துக்கறது?" என்றாள் அக்சிலியா. "முட்டை எங்க இருக்குதோ அங்க," என்று பாதியோடு நிறுத்திக்கொண்டாள் தனப்பிரியா. காற்றுக்குமிழியின் விளிம்பை வைத்து மேல் அடுக்கைப் பிடிக்கலாம் என்ற சூட்சுமத்தைச் சொல்லவில்லை. அக்சிலியா அதை இரண்டு நாளில் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொடிக்காலிலிருந்து வெற்றிலை கிள்ளிவிட்டு வந்த அவள் கணவன் குணசீலன் செல்போனை நீட்டினான். பண்ணைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டில் அக்சிலியா, பக்கத்தில் மெஷின். மேலே, 'இயந்திரத்துக்குக் கண் கொடுத்தவர்' என்று தலைப்பு.

"உங்க லேபுதான இது? ஆரு இந்தப் புள்ள?"

"கூட வேலை பாக்கறவங்க."

"பதினோரு வருசமா நீதான பாத்துட்டிருக்கற. உன்னயக் காணமே?"

வெகுளியாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். தனப்பிரியா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அக்சிலியாவின் விரல் திரையில் ஒரு மிதவை ஸ்லைடைச் சுட்டிக்கொண்டிருந்தது. அந்த ஸ்லைடைத் தயார் செய்தது தனப்பிரியா. அதன் மூலையில் இருந்த எண்ணும் அவள் கையெழுத்துதான்.

அடுத்த வாரம் அன்பழகன் அவளிடம் வந்தான். ஒருவர் குறித்ததை மட்டும் நம்பக்கூடாது, இன்னொருவர் அதைப் பார்க்காமல் தனியாகக் குறித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றான். அறுநூறு இடங்கள். அதில் இருநூறு மிதவை ஸ்லைடுகளில் உள்ளவை. "உங்களவிட ஆருங்க இருக்காங்க?" என்றான். லேப்டாப்பைத் திறந்ததும் திரையில் முதல் வரி: முதன்மைப் பார்வையாளர், அக்சிலியா. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: இரண்டாம் பார்வையாளர், தனப்பிரியா.

ரத்த ஸ்லைடுகளையும் குடல் ஸ்லைடுகளையும் அவள் ஒழுங்காகவே குறித்தாள். மிதவை ஸ்லைடுகள் வந்தபோது, முதல் இடத்தில் பத்தொன்பதாவது படம் தெளிவாக இருந்தது. முட்டைகள் ஒவ்வொன்றும் கோலப்புள்ளி போல விளிம்பு கட்டி நின்றன. அவள் விரல் அம்புக்குறியை அழுத்தியது. பதினெட்டு, பதினேழு, பதினாறு, பதினைந்து. முட்டைகள் கலங்கி, கீழே இருந்த குப்பை துலங்கியது. பதினைந்தைக் குறித்தாள்.

இருவரும் ஒத்துப்போகாவிட்டால் யாரைச் சந்தேகப்படுவார்கள்? பதினோரு வருடத் தனத்தையா, நாலு வருட அக்சிலியாவையா? இரண்டு நாள், இருநூறு இடங்கள். ஒவ்வொன்றிலும் சரியான படத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நாலு படம் கீழே இறங்கினாள். இரண்டாம் நாள் வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது, வெகுநாளைக்குப் பிறகு பசி எடுத்தது. இறங்கியதும் சூடாகப் போண்டா வாங்கிச் சாப்பிட்டாள்.

பத்து நாள் கழித்து கைலாசம் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அன்பழகன் திரையில் ஒரு படம் போட்டான். அக்சிலியா குறித்தவை நீலப் புள்ளி, தனப்பிரியா குறித்தவை சிவப்பு. ரத்தத்திலும் குடலிலும் நீலமும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. மிதவையில் மட்டும் சிவப்பு முழுக்கத் தள்ளிக் கீழே கிடந்தது.

தனப்பிரியா அக்சிலியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தப்பு ஆரு மேலயும் இல்லீங்க," என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தான் அன்பழகன். "ரெண்டும் ஒத்து வராததால டாக்டர் சாரையே அம்பது இடம் பாக்கச் சொன்னமுங்க. அவரு குறிச்சது அக்சிலியா மேடம் குறிச்சதோட ஒத்துப் போச்சு. அதனால தனப்பிரியா மேடத்தோட இருநூத்த மட்டும் ஒதுக்கி வெச்சுட்டோம்."

கைலாசம் மேசை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். அவர் குரல் மிகவும் இளகியிருந்தது. "தனம், நாப்பதத் தொடற வயசுல கிட்டத்துப் பார்வை கொஞ்சம் ஆட்டங்காட்டும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்ல. கண்ணக் காட்டிட்டு வந்துரும்மா. அது வரைக்கும் உன்ற ரிப்போர்ட்ட அக்சிலியா ஒரு தடவ பாத்துக்கட்டும்."

ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். எல்லோரும் நோயாளியிடம் பேசுவது போலப் பேசினார்கள். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தால் அடுத்த வார்த்தையாக உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். தன் கண்ணைக் குத்தியது தன் விரலே என்று அவளுக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

அக்சிலியா அந்தச் சிவப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இவள் பக்கம் திரும்பி, "நானும் கூட வர்றேன்க்கா. சேலத்துல நல்ல கண்ணாஸ்பத்திரி இருக்கு," என்றாள்.

சனிக்கிழமை காலையில் போனார்கள். எழுத்துப் படிக்கச் சொல்லி, ஊசியில் நூல் கோக்கும் தூரத்தில் பொடி எழுத்துகளைக் காட்டி, பிறகு கண்ணில் மருந்து விட்டு, ஒன்றரை மணி நேரம் பார்த்தார்கள். டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே, "இந்த வயசுல இப்படிக் கண்ணு எனக்கிருந்தா நல்லாருக்கும். எதுக்கு வந்தீங்க?" என்று சிரித்தார்.

புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நாமக்கல் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தார்கள். மருந்தினால் தனப்பிரியாவுக்கு வெயில் கூசியது. அக்சிலியா எதிரே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க இருநூறையும் நான் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன்க்கா. ஒண்ணு ரெண்டத் தவிர எல்லாத்துலயும் நாலு. மூணு இல்ல, அஞ்சு இல்ல, நாலு படம் கீழ. கண்ணு மங்கினவங்களுக்கு இப்படி அளந்து வெச்ச மாதிரி தப்பு வராது. சரியான படம் எதுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் எறங்கியிருக்கீங்க."

தனப்பிரியா சீட்டை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள்.

"சொல்லுங்கக்கா. ஏன்?"

"பொறுக்கல, அக்சிலியா." அவ்வளவுதான் வந்தது. பிறகு மறுபடி சொன்னாள். "நீ அந்த ரூமுக்குள்ள உக்காந்து சிரிக்கறதப் பொறுக்கல. உன்ற படத்தப் பொறுக்கல. உன்னத் தப்பாக் காட்டணும்னுதான் பண்ணுனேன்."

அக்சிலியா அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. முகம் சிவந்துபோயிற்று.

"நாலு வருசமாக்கா. நான் போட்ட ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் 'தனத்துகிட்ட காட்டிட்டியா'ன்னு கேப்பாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒங்களப் பாத்து 'அக்சிலியாகிட்ட காட்டிட்டியா'ன்னு கேட்டிருக்காரா? எனக்கு மட்டும் பொறுத்துச்சுன்னு நெனச்சீங்களா? பஸ்ஸுல சன்னல் பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டு அழுதுட்டுப் போயிருக்கேன். மறுநாள் வந்து ஒங்க பக்கத்துலதான் ஒக்காந்து சாப்பிட்டேன். ஒங்க ஸ்லைடுல நான் கை வெக்கலியே!"

நாமக்கல் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர் பெயரைக் கூவினான். தனப்பிரியா எழுந்திருக்காமல், "சார்கிட்டச் சொல்லப் போறியா?" என்று கேட்டாள்.

"நான் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க. இல்லாட்டி ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கிட்டு ஒக்காந்திருங்க." அக்சிலியா எழுந்து, திரும்பிப் பார்க்காமல், டவுன் பஸ் நிற்கும் பக்கம் போய்விட்டாள்.

பஸ்ஸில் தனப்பிரியா கண்ணாடி வாங்குவதைப் பற்றி உண்மையாகவே யோசித்தாள். வெறும் கண்ணாடி போட்ட சட்டம். யாருக்கும் தெரியாது. ஒன்றிரண்டு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆண்டகளூர் கேட்டில் பஸ் நின்று ஆட்கள் ஏறும்போது, அக்சிலியா நாலு வருடம் பஸ்ஸில் அழுதுகொண்டு போனது இதே சாலையில்தான் என்று தோன்றியது. அத்தனை பொறாமையை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்யாமல் இருக்க முடிந்திருக்கிறது. அதன் மேலும் தனப்பிரியாவுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில், கைலாசம் நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே அவள் எட்டாக மடித்த சீட்டை அவர் மேசையில் பிரித்து வைத்தாள்.

"கண்ணு நல்லாருக்குதுங்க சார். நான் வேணும்னேதான் தப்பாக் குறிச்சேன்."

அவர் சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"அந்த வேலை வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்களாக் குடுப்பீங்கன்னு இருந்துட்டனுங்க சார்."

"உன்ற கை இல்லாம இங்க ஓடாதுன்னுதான உன்னய விட்டேன்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. தெரிஞ்சும் பொறுக்கல."

கைலாசத்துக்குக் கோபம் மெதுவாகத்தான் வந்தது. வந்தபோது நன்றாகவே வந்தது. மெஷின் அந்த இருநூறைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். குப்பையைப் பார்த்துவிட்டு 'நோய் இல்லை' என்று சொல்லியிருக்கும். எத்தனை பண்ணையில் குஞ்சுகள் செத்திருக்கும்? இருநூறையும் அன்பழகனுக்கு எதிரே உட்கார்ந்து மறுபடி குறிக்க வேண்டும் என்றார். இன்னும் மூன்று மாதத்துக்கு அவளுடைய ரிப்போர்ட்டுகளை அக்சிலியா பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்றார்.

"இது கண்ணுக்காக இல்ல, தனம்."

"தெரியுதுங்க சார்."

அன்பழகனிடமும் அவளே சொன்னாள். அவன் திரையில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "உங்க ஒவ்வொரு குறிப்போடயும் நாலக் கூட்டிப் பாத்தனுங்க. இருநூத்துல நூத்தித் தொண்ணூத்தெட்டு அக்சிலியா மேடம் குறிச்சதோட ஒத்துப் போகுது. இவ்வளவு சுத்தமாத் தப்புப் பண்ணின ஆள நான் பாத்ததில்லீங்க." அவள் சிரிக்கவில்லை. "மறுபடி மொதல்ல இருந்து குறிக்கறேன். படத்தப் போடுங்க," என்றாள்.

புரட்டாசியில் மெஷின் முழுதாக ஓட ஆரம்பித்தது. தட்டை வைத்தால் போதும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொடி மங்கலாகப் பார்த்து, சட்டென்று சரியான உயரத்துக்குப் போய் நின்றது. மிதவை ஸ்லைடுகளில் அது மேல் அடுக்கில் நிற்பதைத் தனப்பிரியா தினமும் பார்த்தாள். தினமும் நெஞ்சில் ஒன்று சுருக்கென்றது.

ஒரு நாள் புதுச்சத்திரம் பக்கத்துப் பண்ணைக்காரர் மயில்சாமி அனுப்பிய எச்சத்தைப் பார்த்து அவள் 'நோய் இல்லை' என்று எழுதி, காலையிலேயே அவருக்குப் போனிலும் சொல்லிவிட்டாள். அதே ஸ்லைடை மெஷின் எடுத்த படங்களை அக்சிலியா கொண்டுவந்து அவள் முன் வைத்தாள். கவர்ஸ்லிப்பின் இடது ஓரத்தில், அவள் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு விட்ட இடத்தில், மூன்று முட்டைகள். தனப்பிரியா ஸ்லைடை மறுபடி வைத்துத் திருகைத் திருப்பினாள். இருந்தன. மெஷின் மேல் வந்த ஆத்திரம், அக்சிலியா மேல் வந்த ஆத்திரம், தன் மேல் வந்த ஆத்திரம் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. போனை எடுத்தாள்.

"மயில்சாமியண்ணன்ங்களா? லேபுல இருந்து தனப்பிரியா பேசறனுங்க. காலையில நாஞ் சொன்னது தப்புங்க. ரத்தக்கழிச்சல் ஆரம்பிச்சிருக்குது. குஞ்சுகளுக்கு இன்னிக்கே மருந்து குடுத்துருங்க. ஆமாங்க, என்ற தப்புதானுங்க."

அவள் போனை வைக்கும்வரை அக்சிலியா அங்கேயே நின்றிருந்தாள். பிறகு படங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

இருவரும் பழையபடி ஆகவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், டப்பாக்கள் மாறவில்லை. மூன்று மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது, ஆத்தூரில் திறக்கப்போகும் புதிய கூடத்துக்கு அக்சிலியாவைப் பொறுப்பாளராகப் போடுவதாகக் கைலாசம் அறிவித்தார். அங்கேயும் ஒரு மெஷின். அதை அவள்தான் பழக்க வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். தனப்பிரியாவும் தட்டினாள். உள்ளங்கை வலிக்கும் அளவுக்குத் தட்டினாள், உள்ளே எரிந்த எரிச்சல் முகத்துக்கு வந்துவிடக்கூடாதே என்று. கூட்டம் கலைந்ததும் நேரே அவர் அறைக்குப் போய், திருச்செங்கோட்டில் அடுத்த வருடம் திறப்பதாகச் சொல்லும் கூடத்தைத் தனக்குத் தர வேண்டும் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

அக்சிலியா கிளம்பிய நாளில் பஸ் நிறுத்தம் வரை தனப்பிரியா கூடப் போனாள். ஒரு பையை அவள் தூக்கிக்கொண்டாள். வழியில் இருவரும் ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு வழக்கைப் பற்றியும், அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்பதைப் பற்றியும் பேசினார்கள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அக்சிலியா பையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் எம்மேல எரிச்சலா இருக்காக்கா?"

"இருக்குது," என்றாள் தனப்பிரியா. "உனக்கு?"

"எனக்கும் ஒங்க மேல கோவம் போகல."

"சரி. ஏறு, பஸ் நிக்காது."

அக்சிலியா ஏறி, சன்னல் பக்கம் இடம் பிடித்தாள். பஸ் திரும்பும்வரை தனப்பிரியா நின்றாள். அப்புறம் கூடத்தில் காத்திருக்கும் ஸ்லைடுகள் ஞாபகம் வர, நடையை எட்டிப் போட்டாள்.